கொள்ளும் ஏ1 பாசிட்டிவும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். "சித்தி, ஒரு டவுட்டு. இதப் பாருங்க" என்று போனை நீட்டினான். மஞ்சக்குப்பத்தில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு ரத்தம் வேண்டுமாம். 'அவசரம். ஏ1பி பாசிட்டிவ் மட்டும். வேறு குரூப் வேண்டாம்' என்று போட்டு, கீழே வரிசையாகக் கும்பிடு. முதல் நாள் ராத்திரியிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த செய்தி அது.

"எனக்கு ஏ பாசிட்டிவ் சித்தி. காலேஜ் கேம்ப்ல குடுத்த கார்டுல அப்படித்தான் இருக்கு. இதுல ஏ1பின்னு கேக்குறாங்க. நான் போயி பிரயோஜனம் இல்லல்ல?"

"நீ போ. உன் ரத்தம் அந்த அம்மாவுக்கு ஆகும்" என்றேன்.

அவன் நகரவில்லை. "நெஜமாவா? மாத்தி ஏத்திட்டா ஆளே போயிடும்னு சொல்றாங்களே."

அந்தப் பயம் நல்ல பயம்தான். 1998 முதல் 2020 வரை 22 வருஷம் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தேன். அந்தப் பயத்தோடுதான் தினமும் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினேன், ராத்திரி அதோடுதான் இறங்கினேன். அவனைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னதையும், அன்றைக்கு நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் சிவப்பணுக்களின் மேல்தோலில் ஏ என்று ஒரு அடையாளம், பி என்று ஒரு அடையாளம். ஏ மட்டும் இருந்தால் ஏ குரூப், பி மட்டும் இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லையென்றால் ஓ. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது டி என்ற இன்னொரு அடையாளம் இருக்கிறதா இல்லையா என்பது. இதுவரைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆளைக் கொல்கிற விஷயம் சிவப்பணுவில் இல்லை, அது மிதக்கிற தண்ணியில் இருக்கிறது. தன்னிடம் எந்த அடையாளம் இல்லையோ, அதை எதிர்க்கிற பொருளை நம் உடம்பு குழந்தைப் பருவத்திலேயே தயார் செய்து ரத்தத்தில் சுற்ற விட்டுவிடும். ஏ குரூப்காரருக்கு பி-யை அடிக்கிற எதிர்ப்பொருள். ஓ-காரருக்கு ஏ, பி இரண்டையும் அடிக்கிறது. ஏபி-காரருக்கு எதுவும் இல்லை. அவர் உடம்பு ஏ சிவப்பணுவையும் ஏற்கும், பி-யையும் ஏற்கும், ஓ-வையும் ஏற்கும்.

அந்த அம்மா ஏபி பாசிட்டிவ். ஊரெல்லாம் ஏ1பி தேடி அலைந்த அந்தக் குடும்பத்துக்கு, பக்கத்து வீட்டு ஏ பாசிட்டிவும் எதிர்வீட்டு பி பாசிட்டிவும் போதும். நம்ம பக்கத்தில் ஓ-வுக்கு அடுத்தபடி பி-தான் அதிகம். ஏபி-தான் குறைவு. குறைவானதைத் தேடி ஒரு ராத்திரி முழுக்கப் போயிருக்கிறது.

பிளாஸ்மா என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அதில் ஏற்றுவது எதிர்ப்பொருள் இருக்கிற தண்ணியை. அதனால் ஏபி-காரரின் பிளாஸ்மா எல்லாருக்கும் ஆகும். ஓ-காரருடையது ஓ-வுக்கு மட்டும். 'ஓ நெகட்டிவ்னா எல்லாருக்கும் குடுக்கலாம்' என்று சொல்கிறார்களே, அது சிவப்பணுவுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு.

"சரி சித்தி, அந்த ஒண்ணு என்னா? ஏ-க்கும் ஏ1-க்கும் என்னா வித்தியாசம்?"

இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மேடம் எங்களுக்கு ஏ1தான் வேணும், நீங்க வெறும் ஏ போட்டிருக்கீங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்தவர்களையே பார்த்திருக்கிறேன்.

ஏ குரூப்பில் பெரும்பாலானவர்கள் ஏ1. மீதிப் பேரில் அநேகமாக எல்லாரும் ஏ2. ஏ2-காரரின் சிவப்பணுவில் அந்த ஏ அடையாளம் குறைவாக இருக்கும். கார்டில் வெறும் ஏ என்று இருந்தால், அவருக்கு ஒன்றா இரண்டா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அது தனி குரூப் இல்லை. ஏ2-வில் சிலருக்கும், ஏ2பி-யில் இன்னும் கொஞ்சம் பேருக்கும் ஏ1-ஐ எதிர்க்கிற பொருள் உண்டாகும். அதுவும் பெரும்பாலும் குளிர்ச்சியில்தான் வேலை செய்யும். உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் வேலை செய்தால் மட்டும் அவருக்கு ஏ1 சிவப்பணு கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர் ஏ2பி என்றால் பி கொடுக்கலாம், ஓ கொடுக்கலாம், ஏ2 கிடைத்தால் அதையும் கொடுக்கலாம். இதைக் கண்டுபிடிப்பது ரத்த வங்கிக்காரர் வேலை. வாட்ஸப்பில் கேட்டு முடிவு பண்ணுகிற விஷயம் கிடையாது.

ஒன்றையும் இரண்டையும் எதை வைத்துப் பிரிக்கிறோம் தெரியுமா? கொள்ளு. நாம் ரசம் வைக்கிறோமே, துவையல் அரைக்கிறோமே, மாட்டுக்கும் குதிரைக்கும் ஊறவைத்துப் போடுகிறோமே, அதே கொள்ளு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சீனியர் சார் அஞ்சு ரூபாயைக் கொடுத்து, "போயி மளிகைக்கடையில கொள்ளு வாங்கிட்டு வா, கல்லு இல்லாமப் பாத்து வாங்கு" என்றார். சாப்பாட்டுக்கு என்றுதான் நினைத்தேன். அதைக் கழுவி, உப்புக் கரைசலில் ராத்திரி ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, மறுநாள் மிக்ஸியில் அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவிட்டார். அடியில் சக்கை தங்கி, மேலே தெளிவாக ஒரு தண்ணி நின்றது. அதை அப்படியே போட்டால் ஏ1, ஏ2 இரண்டையும் கட்டி தட்ட வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கரைசல் சேர்த்து நீர்க்க வைத்துக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் ஏ1 மட்டும் கட்டி தட்டும், ஏ2 கரைந்தே நிற்கும். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் சார். அந்தத் தெளிவைச் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதச் சொன்னார். நான் எழுதிய முதல் லேபிள் அது. பிற்பாடு கம்பெனி பாட்டில் வந்துவிட்டது. அதன் மேலும் கொள்ளின் தாவரப் பெயர்தான் இருக்கும். இன்றைக்கும் வீட்டில் கொள்ளு ஊறப்போடும்போது எனக்கு அந்த லேப் வாசனை வரும்.

அடுத்தது, எல்லாரும் கோபப்படுகிற விஷயம். "ஒரே குரூப்தானே, பை ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு, எடுத்துக் குடுக்க ஒரு மணி நேரமா?"

கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே அவர் பொண்டாட்டியோ பிள்ளையோ படுத்திருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

வார்டிலிருந்து வந்த சாம்பிளைச் சுற்றவிட்டு, சிவப்பணுவையும் மேலே நிற்கிற வைக்கோல் நிறத் தண்ணியையும் பிரிப்போம். சிவப்பணுவில் நீலச் சொட்டு ஒன்று, மஞ்சள் சொட்டு ஒன்று. நீலம் ஏ-க்கு, மஞ்சள் பி-க்கு. நிறமில்லாத இன்னொரு சொட்டு டி-க்கு. கூழுக்கு மாவு கரைக்கும்போது கட்டி தட்டுமே, அதுபோல ரத்தம் திரிந்து கட்டியாகும். எந்தச் சொட்டில் கட்டியானதோ அந்தக் குரூப். இதோடு விடுவதில்லை. அந்தத் தண்ணியை எடுத்து, குரூப் தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் மூன்றோடும் கலந்து, பின்பக்கமாக இருந்தும் பார்ப்போம். முன்பக்கம் சொல்வதும் பின்பக்கம் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் எங்கேயோ ஏதோ இருக்கிறது.

அதற்கப்புறம்தான் கிராஸ் மேட்ச். நோயாளியின் தண்ணியில், ஏற்றப்போகிற பையின் சிவப்பணுவை இரண்டு சொட்டு விட்டு, உடம்புச் சூட்டில் வாட்டர் பாத்தில் வைத்துவிடுவோம். சில எதிர்ப்பொருட்கள் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் இரண்டு அணுவைச் சேர்த்து இழுக்கிற நீளம் அதற்கு இருக்காது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். 1945-ல் கூம்ப்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் அதற்கு ஒரு வழி கொண்டுவந்தார்கள். அந்தக் குட்டையான எதிர்ப்பொருட்களை ஒன்றோடொன்று பிணைக்கிற மருந்து. நன்றாக அலசிவிட்டு, அதைச் சொட்டு விட்டு, சுற்றவிட்டு, டியூபை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தால், அடியில் இருக்கிற சிவப்புப் பொட்டு கிளம்பும். புகை கிளம்புகிற மாதிரி வழுவழுவென்று கரைந்து எழுந்தால் பை போகலாம். பொட்டு உடைந்து துணுக்குத் துணுக்காக எழுந்தால், அந்தப் பையை ஓரம் வைத்துவிட வேண்டியதுதான். இப்போது ஜெல் கார்டு வந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட அணுக்கள் மேலேயே மாட்டிக்கொள்ளும், நல்லது அடியில் போய் உட்காரும், யார் பார்த்தாலும் தெரியும். ஆனாலும் அந்த டியூபைச் சாய்க்கிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கடைசி நாள் வரைக்கும் போகவில்லை.

அதற்குக் காரணம் என் அம்மா.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். நான் 1972-ல் வீட்டிலேயே பிறந்தேன், எந்தக் குறையும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். பிறந்த அன்றைக்கே உடம்பு மஞ்சளாகி, மூன்றாம் நாள் போய்விட்டான். அதற்கடுத்தது உடம்பெல்லாம் நீர் கோர்த்து, உயிரில்லாமலே பிறந்தது. பெண் குழந்தை என்று சொல்வார்கள். அதோடு சரி. நான் வளர்கிற வயதில் காதில் விழுந்ததெல்லாம் என் அப்பாவைப் பெற்ற ஆயா, அம்மாவைப் பார்த்துச் சொன்ன சொற்கள்தான். இங்கே எழுத மாட்டேன். ஊரில் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ளக்கூட அம்மாவைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். புதுசாகப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அம்மா போகமாட்டாள், வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள்.

1999-ல் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். உதிரப்போக்கு நிற்காமல் ஹீமோகுளோபின் 6-க்கு வந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். இரண்டு பை கேட்டிருந்தார்கள். சாம்பிள் கீழே வந்தபோது டியூட்டியில் நான். சார், "அம்மாவுதுதானே, நீயே பண்ணு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

நீலத்தில் ஒன்றும் இல்லை. மஞ்சளில் கட்டி. டி-யில் ஒன்றும் இல்லை. பி நெகட்டிவ். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, ஏனென்றால் நான் பி பாசிட்டிவ். எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க, அம்மாவின் தண்ணியில் ஓ பாசிட்டிவ் செல் ஒரு டியூபிலும் ஓ நெகட்டிவ் செல் ஒரு டியூபிலும் வைத்தோம். நெகட்டிவ் டியூபைச் சாய்த்தேன், புகையாக எழுந்தது. பாசிட்டிவ் டியூபைச் சாய்த்தேன். பொட்டு அப்படியே ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது.

சார் கேட்டார், "இதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"இல்ல சார்."

"எத்தன பிள்ளைங்க?"

"நான் ஒருத்திதான் சார்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியவில்லை.

விஷயம் இதுதான். என்னைப் பெற்றபோது, என் பாசிட்டிவ் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலந்திருக்கிறது. ஏ, பி மாதிரி டி-க்கு எதிர்ப்பொருள் தானாக வராது. ஒருதடவை பார்த்த பிறகுதான் உடம்பு அதைத் தயார் செய்யும். அதனால் முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், அம்மாவின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகப் போய் பிள்ளையின் சிவப்பணுவை உடைக்கும். உடைந்தது மஞ்சளாகத் தேங்கும். இன்னும் முற்றினால் வயிற்றிலேயே ரத்தம் வற்றி, நீர் கோர்த்து, பிள்ளை நிற்காது. எனக்கு அடுத்துப் பிறந்த இருவருக்கும் வரிசையாக நடந்தது பாடப் புத்தகத்தில் எழுதிய மாதிரியே இருந்தது. 25 வருஷத்துக்கு அப்புறமும் அந்த எதிர்ப்பொருள் அம்மாவின் ரத்தத்தில் இருந்து, என் கையில் இருந்த டியூபில் பேசியது.

பி நெகட்டிவ் இரண்டு பை கிடைத்தது. நம்ம நாட்டில் நெகட்டிவ் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் என்பதால், அதற்கே அரை நாள் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, அப்பா மேலயும் இல்ல, ராசியும் இல்ல, ஜாதகமும் இல்ல என்றேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவள், "இதுக்கு ஊசி இருக்குதா?" என்றாள்.

"இருக்கும்மா. மொதப் பிள்ளை பொறந்து 72 மணி நேரத்துக்குள்ள போட்டிருந்தா, உடம்பு அதை ஞாபகம் வெச்சுக்காம விட்டிருக்கும்."

"அப்பவே இருந்துச்சா?"

"வெளிநாட்டுல 1968லயே வந்துடுச்சு."

கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "நீ 72ல பொறந்த" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் என்னால் ஒரு டியூபையும் வெறும் டியூபாகப் பார்க்க முடிந்ததில்லை.

இவ்வளவு பார்த்தும் தப்பு நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது லேபில் இல்லை, கட்டில் ஓரத்தில். 2006 ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி. ஒரு பெண்மணிக்கு இரண்டு பை கேட்டு சாம்பிள் வந்தது. குரூப் பார்த்தேன், ஏ பாசிட்டிவ். பழைய பதிவேட்டைப் புரட்டுவது எங்கள் வழக்கம். மூன்று வருஷம் முன்னால் அதே பெண்மணி வந்திருக்கிறார், அப்போது பி பாசிட்டிவ். வார்டுக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் கோபம். "பழசுல தப்பா எழுதியிருப்பீங்க, இப்ப பாத்ததை வெச்சுக் குடுங்க." நான் கொடுக்கவில்லை. இரண்டு மணிக்கு நானே மாடி ஏறினேன்.

ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருக்கு எடுத்த ரத்தம் இன்னொருவர் பெயர் ஒட்டிய டியூபில் போயிருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாரும் ஆமாம் என்பார்கள். "உங்க பேரு என்னம்மா? வீட்டுக்காரர் பேரு என்ன? எந்த ஊரு?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, ஐபி நம்பரைக் கேஸ் ஷீட்டோடு ஒத்துப்பார்த்து, அங்கேயே நின்று எடுத்து, அங்கேயே லேபிள் எழுதினேன். பி பாசிட்டிவ்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தப்பான டியூபோடு நான் எத்தனை தடவை கிராஸ் மேட்ச் செய்திருந்தாலும் ஏ பை அழகாகப் பொருந்தியிருக்கும். டியூபில் இருப்பதும் ஏ, பையில் இருப்பதும் ஏ. கட்டிலில் இருப்பவர் மட்டும் பி. ஏறிய கொஞ்ச நேரத்திலேயே அவர் உடம்பில் இருக்கிற எதிர்ப்பொருள் அந்த அணுக்களை ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைத்திருக்கும். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், கறுத்த மூத்திரம், அப்புறம் கிட்னி. அதனால்தான் ரத்தம் ஏற்ற ஆரம்பித்த முதல் 15 நிமிஷம் சிஸ்டர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நிறைய இடங்களில் இப்போது வேறு வேறு நேரத்தில் எடுத்த இரண்டு சாம்பிள் கேட்கிறார்கள். உங்கள் வீட்டு ஆளுக்கு இரண்டாவது தடவை குத்தும்போது தயவுசெய்து சண்டை போடாதீர்கள். பையை மாட்ட வருகிறவர் பெயர் கேட்கவில்லையென்றால் சண்டை போடுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். "வெளி ஆள் ரத்தம் வேண்டாம் மேடம், சொந்தத் தம்பி இருக்கான், அவன்கிட்டயே எடுங்க" என்பார்கள். சொந்த ரத்தம்தான் நல்லது என்று நம் மனசுக்குள் ஊறிப்போயிருக்கிறது. மருத்துவத்தில் அது சரியில்லை. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு சில நேரம் அந்நியம் என்று கண்டுகொள்ளாது. அவை உள்ளே தங்கிப் பெருகி, அந்த உடம்பையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிற நம்ம பக்கத்தில் இதை இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்.

என் 22 வருஷத்தில் சொந்த அண்ணன் ரத்தம்தான் வேண்டும் என்று நாங்களே கேட்டது ஒரே ஒரு தடவை. கல்லூரிப் பையன், விபத்து. முன்பக்கம் ஓ பாசிட்டிவ் என்றது. பின்பக்கம் ஓ செல்லோடு வைத்தால் அதுவும் கட்டி தட்டியது. ஓ-வுக்கு ஓ ஒத்துவரவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த ஓ பை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தோம், ஒன்றுகூடத் தேறவில்லை. சார் வேறொரு சொட்டு மருந்தை எடுத்தார். ஊட்டிப் பக்கம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே ஒரு முள்ளுச்செடி, அந்த இனத்து விதையில் எடுக்கிற மருந்து. ஓ-காரருக்கும் இருக்கிற ஹெச் என்ற அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும். பையனுக்கு அந்த ஹெச்-சே இல்லை. பாம்பே குரூப். 1952-ல் டாக்டர் பெண்டேயும் கூட இருந்தவர்களும் பம்பாயில் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னது. அதே குரூப் ஆள்தான் அவர்களுக்குக் கொடுக்க முடியும். கூடப் பிறந்தவர்களுக்கு இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நெய்வேலியிலிருந்து அண்ணன் வந்தார், பொருந்தியது. அந்தப் பையையும் கதிர்வீச்சு கொடுத்து, அந்த வெள்ளணுக்கள் பெருகாமல் செய்த பிறகுதான் ஏற்றினார்கள்.

பையன் பிழைத்துக்கொண்டான்.

என் பிள்ளையாண்டானுக்கு இத்தனையும் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. ஏபி-க்கு ஏ ஆகும் என்பதையும் கொள்ளுக் கதையையும் மட்டும் சொன்னேன். மஞ்சக்குப்பம் போய்க் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்தான். எடை 60 கிலோ, 450 மில்லி எடுத்தார்களாம். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணும் கேக்காம எடுத்துக்கிட்டாங்க சித்தி. கிராஸ் மேட்ச் பண்ணிட்டுத்தான் ஏத்துவாங்களாம். இன்னும் மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க."

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"உன் பொண்டாட்டிக்கு எத்தினி மாசம்டா இப்ப?"

"மூணு ஆயா."

"அவளுக்கு என்னா குரூப்பு?"

"தெரியல ஆயா. அடுத்த வாரம் டெஸ்ட் இருக்கு, அப்ப பாப்பாங்க."

கீரைக் கட்டை முறத்தில் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஸ்கூலு, காலேஜு எதுலயாவது போட்டிருப்பாங்க. அவங்க அம்மாக்காரிக்குத் தெரிஞ்சிருக்கும். போன் போடு."

"சாப்ட்டுட்டு போடுறேன் ஆயா."

"இப்பவே போடு" என்றாள். அவன் பஞ்சு ஒட்டிய கையை மடக்காமல், இன்னொரு கையால் பையிலிருந்து போனை எடுத்தான்.